பிரெஞ்சு இந்தியா (கல்லச்சுப் படத்தொகுப்பு)

'பிரெஞ்சு இந்தியா' (1827-1835) பாரிஸில் ஷப்ரெலியும் ஜெரிஞ்ஜரும் பகுதி பகுதியாக வெளியிட்ட கல்லச்சுப் படத்தொகுப்பு. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள், சோழமண்டலக் கரை, மலபார் ஆகிய இடங்களின் தெய்வங்கள், கோயில்கள், மக்களின் உடை, முகச்சாயல், ஆயுதம், பாத்திரம் முதலியவற்றைக் காட்டுவது. விளக்கவுரை சமஸ்கிருத அறிஞர் யூஜின் பர்னூஃப் எழுதியது.

கல்லச்சில் சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைவர். நனைத்த கல்லில் மையை உருட்டினால் ஈரமான இடம் மையைத் தள்ளும், கோடு மட்டும் பற்றிக்கொள்ளும். செதுக்குபவர் இடையில் இல்லை. கல்லில் வரைந்தவரின் கோடே தாளில் விழும். அதற்காகக் கோயிலும் அப்படியே விழுந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. கோபுர நிலைகளையும் சிற்பங்களையும் இன்றுள்ள கட்டடத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஆனால் உடைக்கும் பாத்திரத்துக்கும் அப்படி ஒப்பிட இன்று பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை. புகைப்படக்கலை உலகறிய வந்ததே 1839-இல்தான்.