பழைய தவிலின் வயதை அறிவது எப்படி?

தஞ்சை வட்டாரத்துக் கிராமங்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து சில வேளை ஒரு தவில் இறங்கும். தோல் கிழிந்திருக்கும், உள்ளே எலி கூடு கட்டியிருக்கும். "இது தாத்தா வாசித்த தவில்" என்பார் வீட்டுக்காரர். "நூறு வருஷத்துக்குக் குறையாது" என்பார் வேடிக்கை பார்க்க வந்தவர். இரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மையாக இருக்கக்கூடுமா? இதை ஆராய்ந்து பார்க்க வழி உண்டா?

மேல்நாட்டு டிரம் என்றால் வேலை ஓரளவு எளிது. அமெரிக்காவின் லட்விக் நிறுவனம் 1960-களில் தன் டிரம்களில் வரிசை எண் பொறித்த தகடுகளைப் பதித்தது. மூன்றடுக்கு ஒட்டுப்பலகையால் ஆன அவற்றின் உடல் 1970-களின் நடுவில் ஆறடுக்காக மாறியது. தகட்டைப் பார்த்து, அடுக்கை எண்ணினால் காலம் பெரும்பாலும் தெரிந்துவிடும். நம் தவிலிலோ தகடும் இல்லை, எண்ணும் இல்லை. ஆயினும் அதன் மரமும் இரும்பும் பேசும். அவை பேசுவதை நாம் படிக்கக் கற்க வேண்டும்.

ஒரே கருவி, பல வயது

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்வோம். கீற்றுக் கொட்டகையின் கூரையை அடிக்கடி மாற்றி வேய்கிறோம். மண்சுவர் மட்டும் பழையதாகவே நிற்கிறது. கூரை வேய்ந்த ஆண்டைக் கொண்டு சுவரின் வயதைச் சொல்ல முடியுமா? தவிலும் அப்படித்தான். தோல் அடிபட்டுக் கிழியும், மாற்றியாக வேண்டும். வாரும் இற்றுப் போகும். தலைமுறை கடந்து நிற்பது கட்டை எனப்படும் மர உடல் மட்டுமே. ஆகவே, தவிலின் வயது என்ன என்று கேட்பதைவிட, எந்த உறுப்பின் வயது என்ன என்று கேட்பதே முறை.

கட்டை சொல்வது

தவிற்கட்டை பலாமரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்யப்படுவது. மிருதங்கக் கட்டையும் பலாவே. தோல் இல்லாமல் கட்டை மட்டும் கிடைத்தால் வாய்களை அளந்து பாருங்கள். தவிலில் வலந்தலை அகன்றது. தொப்பி எனும் இடந்தலை சிறியது. மிருதங்கத்தில் இது தலைகீழ்: வலந்தலையே சிறியது.

மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சோறு பதிந்திருக்கும். வெறுந்தோலின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14 என ஒழுங்கற்ற விகிதத்தில் எழும். கருஞ்சோறு அவற்றை ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என இசையொழுங்குக்குள் கொண்டுவருகிறது. இதனை சர் சி. வி. இராமன் 1920-இலும் 1934-இலும் ஆராய்ந்து விளக்கினார். தவிலின் வலந்தலையில் இத்தகைய கரும்பொட்டு இல்லை.

அடுத்தது நிறம். புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும். ஒளியும் காற்றும் பட்டுக் காலப்போக்கில் செம்பழுப்பாக மாறும். இந்த மாற்றம் மேற்பரப்பில்தான் நிகழ்கிறது. எனவே பழைய கட்டையில் அண்மையில் ஒரு துளை இட்டிருந்தால், துளையின் உட்சுவர் சுற்றியுள்ள மரத்தைவிட மஞ்சளாகத் தெரியும். கட்டையோடு பிறந்த துளை, கட்டையைப் போலவே கறுத்திருக்கும்.

மூன்றாவது, உளித் தடம். கைவிளக்கை உள்ளே செலுத்திப் பாருங்கள். கை உளியால் குடைந்திருந்தால் சிறு சிறு பள்ளங்கள் ஒழுங்கின்றித் தெரியும். கடைசல் இயந்திரத்தில் குடைந்திருந்தால் வளையம் வளையமாக ஒரே சீரான கோடுகள் இருக்கும். வெளிப்புறத்தில் இந்த அடையாளம் தேய்ந்தும் மெருகில் மறைந்தும் போயிருக்கும், உட்புறத்தில் நிலைத்திருக்கும்.

இரும்பு சொல்வது

முன்னாளில் தவிலின் இரு தலைகளையும் தோல் வாரே இழுத்துக் கட்டியது. காவிரிப் படுகையின் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். ஈரக் காற்றை உறிஞ்சிய தோலும் வாரும் நெகிழும், சுருதி இறங்கும். வாரை மீண்டும் முறுக்கேற்றுவது உடல் வலிமையும் நேரமும் வேண்டும் வேலை. சுவாமி புறப்பாட்டின் நடுவே அதைச் செய்ய முடியுமா? 20-ஆம் நூற்றாண்டில் வாருக்கு மாற்றாக உலோக வளையங்களும், பட்டறைகளில் போல்ட்டு, நட்டு என வழங்கும் மரையாணிகளும் வந்தன. ஒரு திருகு சாவி இருந்தால் போதும், தோல் இறுகிவிடும்.

அந்த மரையாணியே நமக்கு நல்ல சாட்சி. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பட்டறைகளில் ஆட்சி செய்தது அங்குல மரை. 5/16 அங்குல ஆணியும் 8 மில்லிமீட்டர் ஆணியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மரையை ஒரு தாளில் அழுத்திப் பதித்து, ஓர் அங்குலத்துக்குள் வரும் புரிகளை எண்ணினால் வேறுபாடு வெளிப்படும். அங்குல ஆணியில் 18 புரிகள். மெட்ரிக் ஆணியில் 20-க்குச் சற்று மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெட்ரிக் ஆணி இருந்தால் அந்த ஆணி பெரும்பாலும் 1958-க்குப் பிற்பட்டது எனலாம். அங்குல ஆணி இருந்தால் 1958-க்கு முற்பட்டது என்று சொல்ல இயலாது. ஏனெனில் அங்குல ஆணிகள் அதன் பின்னரும் நெடுங்காலம் விற்பனையில் இருந்தன. இவ்வகைச் சான்று ஒருவழிப் பாதை போன்றது. செயற்கை இழைத் தோலும் அவ்வாறே. மைலார் எனும் பிளாஸ்டிக் தாளாலான டிரம் தலைகளை அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தவிலில் அத்தகைய தலை இருந்தால், அந்தத் தலை அதற்குப் பிற்பட்டதே. கட்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தடயங்களைச் சேர்த்தல்

இப்போது பரணில் கிடைத்த தவிலுக்கு வருவோம். அதில் மெட்ரிக் ஆணிகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவசரப்பட்டு "இது புதியது" என்று சொல்லிவிடலாமா? கம்பிகளைக் கழற்றிக் கட்டையைத் துடைத்துப் பாருங்கள். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வெளிர்ந்தும் கறுத்தும் மாறிமாறி வரிகள் ஓடுகின்றனவா? கம்பிகள் இருந்த இடத்தோடு அவை பொருந்தவில்லையா? அப்படியானால் அவை பழைய வாரின் நிழல்கள். வார் மறைத்த இடத்தில் ஒளி படவில்லை. உராய்ந்த இடம் வழுவழுப்பாயிற்று. உள்ளே உளித் தடமும் இருந்தால், வார்த் தவிலாகப் பிறந்து பின்னர் இரும்பு பூட்டப்பட்டது அது என்று துணிந்து கூறலாம். தாத்தா இரும்பு பூட்டியிருக்கலாம்; கட்டை அவருடைய தந்தையினுடையதாக இருக்கலாம். வீட்டுக்காரர், விருந்தாளி இருவருமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும்!

கதிரியக்கக் கரி ஆய்வு இதைவிடத் துல்லியமாகச் சொல்லாதா? சொல்லாது. ஏறக்குறைய 1650 முதல் 1950 வரையுள்ள காலத்துக்கு அம்முறை ஒரே விடை தருவதில்லை. பல விடைகளைத் தருகிறது. 1950-களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரி மிகுந்ததால், அதற்குப் பின் வளர்ந்த மரத்தை மட்டும் தெளிவாகப் பிரித்தறியலாம். அதுவும் மரம் வளர்ந்த காலமே தவிர, தவில் செய்த காலம் அன்று.

மெருகு ஏற்றுமுன்

பழைய கட்டையைக் கண்டதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் பூசுவது பலரின் வழக்கம். பளபளப்பு வரும், வாரின் நிழலும் உளித் தடமும் போய்விடும். தவில் வாசித்தவர்களின் பெயர்கள் கச்சேரி அறிவிப்புகளிலும் இசைத்தட்டுகளிலும் நிலைத்தன. கட்டை குடைந்தவர், தோல் பதப்படுத்தியவர், வார் பிடித்தவர் ஆகியோரின் பெயர்களைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை. மிருதங்கம் செய்தவர்களின் வரலாற்றைத் தேடி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் வெளிவந்ததே 2020-இல்தான். பெயரில்லாத அந்தக் கைவினைஞர் விட்டுச் சென்ற கையொப்பம் கட்டையின் உட்புறத்து உளித் தடம் ஒன்றே.

ஆகவே, பழுது பார்க்கக் கொடுக்குமுன் நாற்புறமும், உள்ளும் படம் எடுங்கள். வாய்களின் அகலத்தையும் கட்டையின் நீளத்தையும் குறித்து வையுங்கள். கழற்றிய வாரையும் ஆணியையும் எறியாமல் ஒரு பையில் இட்டு, எந்த ஆண்டு கழற்றியது, யாருடைய தவில் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பரணிலிருந்து அதை இறக்குபவர் ஊகத்தை நம்ப வேண்டியிராது. உங்கள் சீட்டே அவருக்கு விடை சொல்லும்.