புள்ளிகளின் பதிவேடு

நான் சிறுவனாயிருந்தபோது டிக்கோயாவில் எங்கள் லயத்து நாய் ஓரிரவிற் காணாமற்போயிற்று. காலையிற் கூடியவர்கள், “புலி கொண்டுபோய்விட்டது” என்றனர். எந்தப் புலி என்று ஒருவரும் வினவவில்லை.

புலி என்பதே பிழை. இலங்கையில் உள்ளது சிறுத்தை. 1956இல் தெரணியகல அதனைத் தனித் துணையினமாக வகுத்து, ‘கொட்டியா’ என்ற சிங்களச் சொல்லையே விஞ்ஞானப் பெயரின் ஈற்றில் வைத்தார்.

‘எந்தச் சிறுத்தை?’ என்ற கேள்வியோடு பிற்காலத்தில் எங்கள் மலைக்கு வந்தவர்கள் அஞ்சலி வாட்சன், அண்ட்ரூ கிட்டில் என்னும் ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் குழுவினருமாவர். ஒற்றையடிப் பாதையின் இருமருங்கும் தானியங்கிக் கமராக்களைக் கட்டுவது இத்தகைய ஆராய்ச்சியின் முறை. இரண்டு எதற்கு? சிறுத்தையின் வலப்பக்கப் புள்ளிகள் இடப்பக்கத்தில் இரா. ஒருபுறம் மட்டும் படமெடுத்தால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடுவோம். மானாப்புல் காற்றில் ஆடினாலும் கமரா விழித்துக்கொள்ளுமாதலால் வெற்றுப் படங்கள் மலையாய்க் குவியும். இடம், நாள், மணி ஆகியவற்றோடு அவற்றைக் கணினியில் அடுக்கிப் புள்ளிகளை ஒப்பிட்டால், கைரேகைபோல் ஒவ்வொரு விலங்கும் தனித்துத் தெரியும்.

ஆசிரியனாகிய எனக்கு இது வகுப்பின் வரவுப் பதிவேடாகவே தோன்றுகிறது. ஆனால் இதில் வராதோருக்கும் கணக்குண்டு. ஒருமுறை கண்டவை மறுமுறையும் எத்தனை தடவை அகப்படுகின்றன என்பதைக் கொண்டு, ஒருபோதும் அகப்படாதவற்றின் தொகையையும் மதிப்பிடுகின்றனர்.

2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியிற் சிக்கிச் சில நாட்களில் மாண்டது. கருந்தோலிலும் புள்ளிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் அவை புலப்படும். கண்ணி வைப்பவனை ஏசுவது எளிது. மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி ஓரிரவில் உழுதுவிட்டால் அவன் வீட்டு அடுப்பு என்னாவது? அந்தப் பன்றியையும் தின்பது சிறுத்தையே என்பதை அவனுக்குத் தமிழிற் சொல்லாத ஆராய்ச்சி, என் கருத்தில், பாதி ஆராய்ச்சிதான்.

இதனை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவி எழுந்தாள். “சேர், எங்கம்மா மூணாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கிறாங்க. அது அங்கே எத்தனை மணிக்கு நடக்கும்?”

பெரும்பாலும் அந்திக்குப் பிறகுதான் என்றேன்.

“கொழுந்து நிறுத்து முடியுறப்பவே இருட்டிடுதே, சேர்” என்றாள்.