உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி: வேலூரில் மஞ்சளான ஆறு குழிகள்

இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது சென்னை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். ‘அந்த நோயெல்லாம் இங்கே வராது’ என்று பலரும் நம்பிய காலம் அது. பெண்களிடம் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் அவர் வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருந்தன. சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லாததால் ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். எலிசா பரிசோதனைத் தட்டில் ஆறு குழிகள், தொற்று இருப்பதைக் காட்டி, மஞ்சளாக மாறின. அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவிலும் சோதித்து உறுதிசெய்தார்கள். அதன் பிறகுதான் செய்தி சட்டமன்றத்தில் வெளியானது. இந்த நாடு அந்த மாணவிக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். எச்.ஐ.வி. தொற்றியவரைத் தொடவே தயங்கிய நாட்களில், சிகிச்சையும் ஆய்வும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன.

எச்.ஐ.வி பற்றி ஒரே ஓர் ஆய்வைத்தான் சொல்லலாம் என்றால், நான் சொல்வது எச்.பி.டி.என். 052. ஒருவருக்குத் தொற்று இருந்து, துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகள், ஒன்பது நாடுகளிலிருந்து அதில் பங்கேற்றார்கள். சென்னையும் புனேயும் அதில் உண்டு. தொற்றியவருக்குக் கூட்டு மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கியபோது, அவரிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் முடிவு வந்தது. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நீடித்தால் உடலுறவு வழியாக அது பரவாது என்பது இன்று உறுதியான மருத்துவ உண்மை. கணவனோ மனைவியோ இனி பயந்து பயந்து வாழ வேண்டியதில்லை.

நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திருந்து மருந்து கொடுப்பதுதான் அன்றைய வழக்கம். அது தவறு என்று காட்டியது 2015-ல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு. 2017 முதல் இந்தியாவிலும் தொற்று உறுதியானதுமே, சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், மருந்து தொடங்கப்படுகிறது.

எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்தால்? காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் அந்த நாட்களில் 50 மி.கி. மாத்திரையை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கொடுக்கிறார்கள். காசநோய் மருந்தை வாரம் மூன்று நாள் கொடுப்பதைவிடத் தினமும் கொடுப்பதே இவர்களுக்கு நல்லது என்று நிரூபித்தவர்கள், சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள்.

கிருமி கட்டுக்குள் இருந்தாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அவர்களில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை தினம் ஒன்று பெரிய இதய பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது. முடிவு வந்த ஆண்டு 2023.

எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட்டு மருந்து வாங்கப் போகும் நாளிலேயே இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை, அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம். சந்தேகம் கேட்க: 1097.