சுண்ணாம்புச் சுவரில் விரிசல் அடைத்தல்

பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் சுவர்ப்பூச்சு சுண்ணாம்புக் காரைதான். சுவரில் ஏறும் ஈரத்தை அது ஆவியாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும்.

சிறு விரிசல்களை வீட்டாரே அடைக்கலாம். பெயர்ந்த காரையைச் சுரண்டி, தூசு தட்டி, சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் 3 பங்கு சேர்த்துக் குழைத்து, கரணையால் மெல்லிய அடுக்குகளாக அழுத்திப் பூச வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஈர்த்தே சுண்ணாம்பு மெதுவாக இறுகும்; அதற்கு ஈரமும் வேண்டும். அதனால் சில நாள்கள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும்.

சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் அஸ்திவாரக் கோளாறாக இருக்கலாம். அதைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும்.