கப்பலேறும் தண்ணீர்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் நாலைந்து தையல் மெஷின் போட்டு, தோல் பர்ஸும் பெல்ட்டும் தைத்து சென்னை வியாபாரிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். இப்போது ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக ஒரு ஆர்டர், நாற்பது அட்டைப்பெட்டிச் சரக்கு. “என்னென்ன பேப்பர் வேண்டும்? விமானமா, கப்பலா? எங்கே ஏமாறுவோம்?” என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். முதல் இரண்டுக்கும் ஆம்பூரில் எந்த டீக்கடையிலும் பதில் கிடைக்கும். மூன்றாவதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் எண்ணம்.

பேப்பர் விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பான் எண்ணை வைத்தே ஐ.இ.சி. என்ற ஏற்றுமதிக் குறியீட்டு எண் ஆன்லைனில் கிடைத்துவிடுகிறது. வங்கிக் கணக்கைச் சுங்கத்துறையில் பதிய வேண்டும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். சென்னையில் இருக்கும் தோல் ஏற்றுமதி கவுன்சிலில் உறுப்பினராகிவிடுவது நல்லது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் இவற்றையெல்லாம் ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்.

விமானமா கப்பலா என்பது கணக்கு. 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீள அகல உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 16 வரும். விமானக் கம்பெனிக்கு அந்தப் பெட்டி குறைந்தது 16 கிலோ. உள்ளே காகிதம் அடைத்த கைப்பைகள் இருந்து தராசில் ஆறு கிலோதான் காட்டினாலும் பதினாறுக்குத்தான் பில். பர்ஸ் மாதிரி கனமான சரக்கு பதினெட்டு கிலோ இருந்தால் பதினெட்டுக்கு. கப்பலில் ஒரு கனமீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்கு வாங்குவார்கள். உங்கள் நாற்பது பெட்டியும் சேர்ந்தால் நான்கு கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இருபதடி கன்டெய்னரின் உள்கொள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர் என்பதால் முழுக் கன்டெய்னர் உங்களுக்கு வேண்டாம். நாலைந்து பேர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறைதான் உங்களுக்கு வழி. எஃப்.ஓ.பி. என்று விலை பேசினால், சரக்கு கப்பலில் ஏறும்வரை எது நடந்தாலும் பொறுப்பு உங்களுடையது. கன்டெய்னர் சரக்கோ அதற்குப் பல நாள் முன்பே உங்கள் கையை விட்டு கிடங்குக்குப் போய்விடும். அதனால் எஃப்.சி.ஏ. என்று பேசுங்கள். ஒப்படைத்த இடத்தோடு உங்கள் பொறுப்பு முடியும்.

இனி மூன்றாவது கேள்வி. தோல் அனுப்புகிறவரின் பணத்தைச் சத்தமில்லாமல் தின்பது பூசணம். பெட்டியைத் திறக்கும்போது பர்ஸின் மடிப்பிலும் தையல் ஓரத்திலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும். அதற்குக் காரணம் தண்ணீர். அந்தத் தண்ணீர் கடலிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அநேகமாக அது ஆம்பூரிலிருந்தே கன்டெய்னரில் ஏறிப் போனது.

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்திலிருந்து கடல் கடந்து தோல் போவது புதிதல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஈஸ்ட் இந்தியா தோல், பேல் பேலாகக் கட்டி லண்டன் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய கப்பல் கிடங்குகளுக்குக் காற்றுப்போக்கி உண்டு. வெளிக்காற்று வறண்டிருக்கும் நேரம் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் கப்பல்காரர்களின் தொழில் அறிவு. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 இரும்புப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து அந்த உலகம் மாறியது. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் வந்தது. இதற்கிடையே 1973-ல் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பச்சைத் தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் அனுப்புவதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆம்பூர் ஷூவுக்கும், ஷூவின் மேல்பாகமான அப்பருக்கும் மாறியது. அதாவது, ஈரத்தால் அதிகம் கெடக்கூடிய, விலை கூடிய சரக்கு, காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. கன்டெய்னரின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக இருக்க வைத்தவை. அவற்றால் காற்றோட்டம் வராது.

அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? உயரம் கூடிய நாற்பதடிக் கன்டெய்னரில் 76 கனமீட்டர் இடம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். எண்பது சதவீத ஈரப்பதத்தில் மொத்தக் காற்றிலும் உள்ள நீர் இரண்டு லிட்டருக்கும் குறைவு. இது ஒன்றும் பயப்படும் அளவல்ல. ஆனால் தோலின் எடையில் சாதாரணமாகவே பன்னிரண்டு, பதினான்கு சதவீதம் தண்ணீர். அட்டைப்பெட்டியில் எட்டு, பத்து சதவீதம், மழைக்காலத்தில் இன்னும் கூடும். அடியில் வைக்கும் மரப் பேலட்டில் அதைவிட அதிகம். எட்டு டன் சரக்கில் சராசரியாகப் பத்து சதவீதம் என்று வைத்தால்கூட 800 லிட்டர். நான்கு டிரம் தண்ணீரை வைத்துப் பூட்டி சீல் போட்டு அனுப்புவதற்குச் சமம்.

அந்தத் தண்ணீர் அதனதன் இடத்திலேயே இருந்துவிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் சென்னை யார்டில் பகல் வெயிலில் கன்டெய்னரின் கூரைத்தகடு அறுபது டிகிரியைத் தொடும். மேலடுக்குப் பெட்டிகள் சூடேறி, அட்டையும் தோலும் ஈரத்தை விட, உள்காற்று நீராவியால் நிறையும். இரவில் முதலில் குளிர்வது அதே தகடுதான். நீராவி அதில் பட்டு முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இட்லிக் குண்டானின் மூடியை எடுக்கும்போது அம்மா நேரே தூக்க மாட்டார். ஒருபக்கமாகச் சரித்து, மூடியில் கோத்த நீரை ஓரத்தில் வழியவிட்டுத்தான் எடுப்பார். கன்டெய்னர் மூடியை அப்படிச் சரிக்க ஆள் இல்லை. கோத்தது அப்படியே மேல் பெட்டிகளின்மேல் சொட்டும். மறுநாள் வெயிலில் மறுபடி ஆவி, மறுபடி சொட்டு. கப்பல் தொழிலில் இதற்கு ‘கன்டெய்னர் மழை’ என்றே பெயர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்றும் சரக்குக்கு ஆபத்து அதிகம். இங்கே வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தோடு ஏறி, அங்கே ஐரோப்பியக் குளிரில் போய் இறங்குகிறது. பத்து டிகிரியில் காற்று தாங்குவது கனமீட்டருக்கு ஒன்பது கிராம் சொச்சம்தான். மிச்சமெல்லாம் நீராகிவிடும். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் நிறைய கொழும்பில் இறங்கி வேறு கப்பல் மாறுகிறது. அங்கே காத்திருக்கும் நாளும் கணக்கில் சேரும். செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கியபின், சூயஸ் வழியே போய்க்கொண்டிருந்த கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போனதில் பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. பூசண வித்துகள் எந்தக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. எழுபது, எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் கொஞ்ச நாள் அவகாசமும் கிடைத்தால் போதும், தோலில் நாம் ஏற்றிய எண்ணெயே அவற்றுக்குச் சாப்பாடு.

இங்கேதான் எனக்கு வருத்தம். தோலை வாங்கும்போது விரலால் தடவி, மடித்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். பேக்கிங் என்று வந்ததும் எல்லாம் அவசரம். ஒட்டிய பசை உலர்வதற்குள் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிவிடுகிறோம். அட்டைப்பெட்டிகளைச் சிமென்ட் தரையில் அடுக்குகிறோம். தரையின் ஈரத்தை அட்டை ராத்திரி முழுக்கக் குடிக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பேக்கிங் மேஜையில் காலையிலிருந்து திறந்து கிடக்கின்றன. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் சிலிக்கா ஜெல்லால் பிடித்து வைக்க முடியும். மேஜையிலேயே அது வயிறு நிரம்பிவிட்டால் பர்ஸுக்குள் போய் என்ன செய்யும்? டப்பாவை மூடி வைத்து, வேண்டியதை மட்டும் எடுப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

மரப் பேலட்டில் இருக்கும் கோதுமைக்கதிர் முத்திரையிலும் ஒரு குழப்பம் உண்டு. பெரும்பாலும், மரத்தின் நடுப்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கு அடையாளம் அது. உள்ளே பூச்சி இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. முத்திரை குத்திய பேலட் நனைந்த மரமாகவும் இருக்கலாம். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி மரத்தில் குத்திப் பாருங்கள். இருபது சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முழுக் கன்டெய்னர் ஏற்றும் கம்பெனிகளுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சரக்கை ஏற்றுவதற்கு முன் என்னையும் உள்ளே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கும்மிருட்டு. கூரையில் ஓர் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கன்டெய்னரைத் திருப்பி அனுப்பினார் சூப்பர்வைசர். தரைப்பலகையையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுவிய ஈரம் காயாமலே பெட்டியை அனுப்புவது நடக்கிறது. ஏற்றி முடித்ததும் சுவரோரம் கால்சியம் குளோரைடு பட்டைகளைத் தொங்கவிடுவார்கள். சிலிக்கா ஜெல்லைவிட அது பல மடங்கு குடிக்கும். ஆனால் குடித்தது உப்புநீராக மாறும். பை கசிந்தால் தோல் போச்சு, அதனால் மட்டமான பட்டை வாங்கக்கூடாது.

எல்.சி.எல்.லில் அனுப்பும் வாசகிக்கு இந்த வசதி இல்லை. கன்டெய்னரைத் தேர்ந்தெடுப்பது அவர் கையில் இல்லை. பக்கத்தில் யாருடைய ஈரச் சரக்கு வரும் என்பதும் தெரியாது. அதனால் அவருடைய பாதுகாப்பெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும்தான் இருக்க வேண்டும். தைத்து முடித்த சரக்கைக் காற்றோட்டமான அறையில் நன்றாக ஆறவிட்டு, காய்ந்த அட்டையில், மூடிய டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்த சிலிக்கா ஜெல்லோடு கட்ட வேண்டும். நீலநிறம் மாறும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அதை ஐரோப்பியர்கள் ஏற்பதில்லை. வெள்ளையாக உள்ளதை வாங்குங்கள்.

பூசணத்துக்கு மருந்து இருக்கிறதே என்று யாராவது குறுக்குவழி சொன்னால் கேட்காதீர்கள். சீனாவில் செய்த தோல் சோஃபாக்களில் பூசணம் வராமலிருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொடியைப் பொட்டலமாக வைத்து அனுப்பினார்கள். வீட்டுச் சூட்டில் அது ஆவியாகி, துணியைத் தாண்டி, உட்கார்ந்தவர்களின் தோலைப் புண்ணாக்கியது. பின்லாந்து மருத்துவர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிவந்தது. 2009 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தாலே சரக்குக்குத் தடை. மலிவாக வாங்கிய பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே போடுவது, மனிதர்கள் தொட்டுப் புழங்கும் பொருளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. சரக்குக் காப்பீட்டில் மிக விரிவானது என்று விற்கப்படும் ‘ஏ’ பிரிவு ஷரத்துகளிலேயே மூன்று விலக்குகள் இருக்கின்றன. பேக்கிங் போதாமல் வந்த சேதம், சரக்கின் இயல்பிலேயே இருந்து வந்த கேடு, தாமதத்தால் வந்த நஷ்டம். தோலில் ஏற்கெனவே இருந்த ஈரத்தால் பூசணம் பூத்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால் பணம் வருவது கஷ்டம்.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பெட்டி கட்டும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். லெதர் டிசைனுக்கும் ஏற்றுமதி நடைமுறைக்கும் வகுப்பு எடுக்கிறார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இவர்களை உட்கார வைத்து யாரும் விளக்குவதை நான் பார்த்ததில்லை. டப்பாவை மூடச் சொன்னால் மட்டும் போதாது, ஏன் மூட வேண்டும் என்று தெரிந்தால் அவர்களே மேஸ்திரியைத் திருத்துவார்கள். அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் வந்து, தமிழிலும் உருதுவிலும் அரைநாள் பேசினால் போதும். தொழில் சங்கங்கள் இதை ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நாற்பது பெட்டியில் ஏதாவது ஒன்றில், வெப்பமும் ஈரப்பதமும் தானே பதிந்துகொள்ளும் சின்ன லாகர் கருவி ஒன்றைப் போட்டு அனுப்புங்கள். ஹாம்பர்க்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பெட்டி திறந்த அன்றே அதன் பதிவை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அடுத்த சரக்குக்கு எத்தனை நாள் ஆறவிட வேண்டும், எத்தனை பொட்டலம் வேண்டும் என்பதை அந்தப் பதிவைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.