பழைய காரின் கம்பியூட்டர் பெட்டி: வேறொன்று வாங்குமுன் திறந்து பாருங்கள்

எம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு வாகனம் என்பது ஆடம்பரமல்ல, அதுவும் ஒரு முதல். அது ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய வசூலும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய ஜப்பான் கார்களையே எம்மில் பலர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கார்களுக்கு வரும் ஒரு நோயைப் பற்றியும், அதில் வீணாகும் பணத்தைப் பற்றியும் இவ்வாரம் எழுதுகிறேன்.

நோயின் அடையாளம்

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் ஏறி இறங்கித் துடிக்கும். சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடும். 'செக் எஞ்சின்' விளக்கு காரணமின்றி எரியும் அல்லது திறப்பைத் திருப்பினாலும் எரியாது. பிளக், பெற்றோல் பம்ப், சென்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் குணமாகாவிட்டால், கடைசியில் "கம்பியூட்டர் பெட்டி போய்விட்டது, வேறொன்று வாங்குங்கள்" என்பார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போனால் அதற்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும்.

ஆனால் பல நேரங்களில் பெட்டி முழுவதும் போவதில்லை. அதற்குள் இருக்கும் நான்கைந்து கெப்பசிட்டர்கள்தான் போயிருக்கும். எமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் கொள்ளளவி.

அது செய்யும் வேலை

வீட்டுக் கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் கூடிக் குறைந்து வந்தாலும் தாங்கி இருப்பதால் வீட்டுக்குள் ஒரே சீராக வரும். கெப்பசிட்டரும் மின்சாரத்துக்கு அவ்வாறே. ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பற்றரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். உள்ளே இருக்கும் சில்லுக்கோ எந்நேரமும் சீரான 5 வோல்ட் வேண்டும். அந்தச் சீரைக் காப்பதில் கெப்பசிட்டருக்குப் பெரும் பங்குண்டு.

சிறிய தகரக் குப்பி போன்ற இதற்குள் அலுமினியத் தாளும், ஒரு திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடியில் இறப்பர் அடைப்பு. வருடங்கள் போகப்போக அந்தத் திரவம் காயும் அல்லது கசியும். வெப்பம்தான் இதன் முதல் எதிரி. 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவான கணக்கு. 105 பாகையில் 2,000 மணித்தியாலம் உழைக்கும் கெப்பசிட்டர், 65 பாகையில் ஏறத்தாழ 32,000 மணித்தியாலம் உழைக்கும். 85 பாகைக்குச் செய்ததோ அதே 65 பாகையில் 8,000 மணித்தியாலம்தான்.

1990களின் முதற்பாதியில் வந்த மிட்சுபிஷி கலன்ட், எக்லிப்ஸ் கார்களில் இந்தக் கசிவு பல நாடுகளிலும் பேசப்பட்ட பழுதாகும். மற்றக் கம்பனிகளின் அக்காலப் பெட்டிகளிலும் இது வருவதுண்டு.

பழைய பெட்டிக்குப் பதில் இன்னொரு பழைய பெட்டியா?

இங்குதான் வியாபாரக் கணக்குப் போட வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் 'யூஸ்ட்' பெட்டியும் அதே வருடத்துக் காரில் இருந்து கழற்றியதுதான். அதற்குள் இருப்பதும் அதே வயதுக் கெப்பசிட்டர்தான். இன்று வேலை செய்தாலும் எத்தனை மாதம் செய்யும் என்று விற்பவருக்கே தெரியாது. அத்தோடு, திறப்பிலேயே பாதுகாப்புப் பூட்டுள்ள கார்களில் வேறொரு காரின் பெட்டியைப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அதைப் பொருத்தியெடுக்க இன்னொரு செலவு. உங்கள் சொந்தப் பெட்டியைத் திருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. கெப்பசிட்டர்களின் விலையோ ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கும். மீதி திருத்துபவரின் கூலி.

செய்ய வேண்டியவை

முதலில் பற்றரியையும் ஏர்த் வயர்களையும் பார்த்துவிடுங்கள். எல்லாப் பழுதும் கெப்பசிட்டரால் வருவதல்ல. அவை சரியென்றால் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்துத் திறக்கலாம். கெப்பசிட்டரின் அடியில் பழுப்புக் கறை, பச்சை பூத்த செப்புக் கோடு, மீன் வாடை ஆகியவை கசிவின் சாட்சிகள். கறை எதுவும் இல்லாமலே உள்ளே காய்ந்தும் இருக்கலாம். ஆகவே வயதான பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதே புத்தி.

இது கராஜ் பாஸ் செய்யும் வேலையல்ல. டிவி, ரேடியோ திருத்தி நல்ல கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது நான்கு விடயங்களைச் சொல்லிவிடுங்கள்.

1. மைக்ரோபரட் அளவு பழையதே இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.
2. 105 பாகை வகையாக, பெயருள்ள தயாரிப்பாக இருக்க வேண்டும். நிச்சிக்கொன், ரூபிக்கொன், பனசொனிக் போன்றவை. போலிகளும் சந்தையில் உண்டு.
3. பக்கவாட்டில் கோடு உள்ளது நெகட்டிவ் கால். மாற்றிப் பொருத்தினால் கெப்பசிட்டர் வெடிக்கும்.
4. கசிந்த திரவத்தை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் நன்றாகத் துடைத்து, செப்புக் கோடுகளில் தொடர்பு இருக்கிறதா என்று மீற்றரால் பார்க்க வேண்டும். அரித்த கோட்டுக்கு மெல்லிய வயர் வைத்து ஒட்டலாம்.

கடைசி விடயம்தான் முக்கியமானது. கசிந்த திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செப்பையும் அரிக்கும். முதல் அடையாளம் தெரிந்தபோதே திறந்தால் கெப்பசிட்டர் செலவோடு முடியும். "இன்னும் ஓடுகிறதே" என்று மாதக்கணக்கில் விட்டால் போர்ட்டே அரிபட்டு, உண்மையிலேயே வேறு பெட்டி வாங்க நேரும்.

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்து, கெப்பசிட்டர்களை மாற்றி, சோதித்து, அதை வாடிக்கையாளரிடம் சொல்லியே விற்றுப் பாருங்கள். நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுப்பார்கள். உள்ளே கசிந்திருப்பதைத் தெரிந்துகொண்டே மூடி விற்கும் பெட்டி, ஆறு மாதத்தில் உங்கள் கடை வாசலுக்கே திரும்பி வரும். அன்று வருபவர் அதற்குப் பிறகு வர மாட்டார்.