நெடுவழியும் நாட்கணக்கும்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில், நேமத்தான்பட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்த நகரத்தார் பலர் குன்றக்குடியில் கூடி, காவடிகளுடன் பழநிக்கு நடந்தே செல்வதை நேயர்கள் அறிவீர்கள். சிங்கம்புணரி, நத்தம் வழியாகச் செல்லும் அப்பாதை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுடையது. முதல் நாள் உற்சாகம் எல்லார்க்கும் உண்டு. உள்ளங்காலில் கொப்புளம் கண்டபின் ஒருவரை நடத்திச் செல்வது எது? பக்தி ஒன்று, உடன் நடப்போரின் துணை மற்றொன்று.

நெடுந்தூர ஓட்டத்துக்கோ நீச்சலுக்கோ பயிலும் மாணவரின் நிலை இதனினும் கடினம். விடியற்காலையில் அவரை எழுப்பக் கூட்டம் வாராது. போட்டி நாளோ பல மாதங்களுக்கு அப்பால் இருக்கும். ஊக்கம் மழையைப் போன்றது, நினைத்தபோது பெய்யாது. மழை பொய்க்கும் காலத்துக்காக நம் முன்னோர் ஊருணி வெட்டி வைத்தார்கள் அல்லவா? பயிற்சிக்கும் அத்தகைய ஊருணிகள் இரண்டு உண்டு: ஒன்று கணக்கு, மற்றொன்று துணை.

கணக்கின் பயனைச் செட்டிநாடு நன்கு அறியும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற முகவர்கள் பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து, ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்பினார்கள். கடலுக்கு அப்பால் முதலாளியின் கண் எட்டவில்லை; கணக்கு எட்டியது. அதுபோல, ஓடிய தூரம், ஆன நேரம், உறங்கிய பொழுது, கண்ட வலி ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. தவறிய நாளையும் மறையாது எழுதுக. பொய்க்கணக்கு எழுதுவோன் ஏமாற்றுவது தன்னையே.

இக்கணக்கு சோம்பலை மட்டுமன்றி அவசரத்தையும் தடுக்கும். பயிற்சியால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிபெற அதனினும் நெடுங்காலம் ஆகும். மூச்சு எளிதாயிற்று என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டுவோர் காயமுறுவது இதனாலேயே. ஆதலின் ஓய்வு நாளையும் வரவுப் பக்கத்திலேயே எழுதலாம்.

இனித் துணை. அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுதடத்தின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததாக நடுவர்கள் தீர்மானித்ததால் வெண்கலத்தை இழந்தார். இருபத்தைந்து சுற்று ஓடுபவருக்குத் தம் அடிகள் அனைத்தும் தெரிந்திருக்க இயலுமா? பயிற்சியிலும் நம் பிழைகள் பல நம் கண்ணுக்குப் படுவதில்லை. எனவே வாரம் ஒருமுறை உங்கள் குறிப்பேட்டை ஆசிரியரிடமோ உடன் ஓடும் நண்பரிடமோ காட்டுங்கள். "வியாழக்கிழமை ஏன் வரவில்லை?" என்று உரிமையோடு கேட்க ஒருவர் இருந்தால், அடுத்த வியாழன் நீங்கள் எழுந்துவிடுவீர்கள்.